கலம் உடையும் ஓசை

இவ்வாரம் நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரலாம். கவிதையும் நாவலும் சிறுகதையும் பேசப்படும் இடத்தில் நோய்க்கிருமிகளுக்கும் கலங்களின் சாவுக்கும் என்ன வேலை என்று கேட்கவும் கூடும். ஆயினும் இந்த வரலாற்றின் வாசல் உலகப் புகழ்பெற்ற ஒரு கதையிலேதான் இருக்கிறது. அந்த வாசலால் நுழைந்து மேலே செல்வோம்.

தோல்ஸ்தோயின் 'இவான் இலியிச்சின் மரணம்' 1886ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீதித்துறை அதிகாரி ஒருவர் நோயில் விழுகிறார். ஒரு மருத்துவர் சொன்னதை மற்றவர் மறுக்கிறார். வீட்டாரோ உண்மையை மறைக்கிறார்கள். அவர் தன் சாவைத் தனியே எதிர்கொள்கிறார். இதுதான் கதை. அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரியாக அமைந்தவர் ருஷ்யாவின் துலா நகரில் நீதிமன்றப் பணியிலிருந்த இவான் இலியிச் மெச்னிக்கோவ் என்பவர். 1881இல் அவர் காலமானார். அவருடைய இறுதி வேளையில் அருகிலிருந்தவர் இளைய சகோதரரான இலியா மெச்னிக்கோவ். தமையனார் சீழ் நஞ்சு குருதியிற் பரவியதால் இறந்தார் என்பதையும், அந்தச் சாவே தோல்ஸ்தோயின் கதைக்குப் பொருளாயிற்று என்பதையும் இலியா பின்னாளில் தம் எழுத்திலே பதிந்து வைத்திருக்கிறார்.

இந்த இலியா மெச்னிக்கோவ் ஒரு விலங்கியல் அறிஞர். தமையன் இறந்த மறு ஆண்டிலேயே, நோயை எதிர்க்கும் ஆற்றல் உடலில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு புதிய விடையை அவர் கண்டார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கிய இன்னொரு கேள்வி விடை பெறுவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. கிருமியோடு பொருதச் சென்ற கலம் எப்படிச் சாகிறது, அந்தச் சாவு உடலுக்கு நன்மையா தீமையா என்பதே அந்தக் கேள்வி. அது விடை பெற்ற கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. தமிழகத்தில் 'செல்' என்றும் 'உயிரணு' என்றும் சொல்வதை இலங்கையில் நாம் 'கலம்' என்று படித்தோம். பாடசாலை உயிரியல் நூலில் அச்சொல்லைப் பார்த்தபோது எனக்கு அது வெறும் கலைச்சொல்லாகவே பட்டது. பின்னர் இலக்கியம் படிக்கத் தொடங்கியபோதுதான் உண்கலம், மட்கலம், மரக்கலம் என்ற சொற்களோடு அது சேர்ந்து ஒலித்தது. உள்ளே எதையோ வைத்துக் காக்கும் பாத்திரம் கலம். கலம் உடைந்தால் உள்ளே இருப்பது வெளியே கொட்டும். இந்த வரலாறு முழுவதற்கும் இதைவிடப் பொருத்தமான சொல்லை யாரும் ஆக்கியிருக்க முடியாது. எப்படி என்பது போகப் போகப் புலப்படும்.

காயம்பட்ட இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, நோகிறது. உரோமானியரான செல்சஸ் இந்த நான்கையும் அழற்சியின் அடையாளங்களாகக் கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அதன்பின் நெடுங்காலம் அழற்சியை நோயாகவே எண்ணினார்கள். அது ஒரு நோயன்று, உடல் தன்னைச் செப்பனிட மேற்கொள்ளும் செயல் என்ற கருத்தை ஆங்கில அறுவை மருத்துவர் ஜோன் ஹன்டர் எழுதிய நூல் 1794இல், அவர் இறந்த மறு ஆண்டில், வெளிவந்தது. 1867இல் ஜேர்மனியரான யூலியஸ் கோன்ஹைம், தவளையின் மெல்லிய இழையங்களை நுணுக்குக்காட்டியில் வைத்து, குருதிக் குழாயின் சுவரினூடே வெண்கலங்கள் நழுவி வெளியேறுவதைக் கண்டார். சீழ் எங்கிருந்து வருகிறது என்பது அன்று விளங்கிற்று. சீழ் என்பது குருதியிலிருந்து வெளியேறி வந்து மாண்ட வெண்கலங்களின் திரள். ஆனால் அவை ஏன் வந்தன, ஏன் மாண்டன என்பதை அப்போது எவரும் விளக்கவில்லை.

1882ஆம் ஆண்டு மருத்துவ வரலாற்றிலே இரட்டைச் சிறப்புடையது. அந்த ஆண்டு மார்ச் 24ஆந் திகதி பேர்லினில் ரொபேர்ட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதாவது பகைவனின் முகம் தெரிந்தது. அதே ஆண்டின் இறுதியில், சிசிலித் தீவின் மெசினா நகரில், காவலனின் முகமும் தெரிந்தது.

மெச்னிக்கோவ் அப்போது ஒடேசாப் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்துவிட்டு மனைவி ஒல்காவுடனும் அவருடைய உடன்பிறந்தாருடனும் மெசினாவில் தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டார் எல்லோரும் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்கச் சர்க்கசுக்குப் போய்விட்டனர். தனியே இருந்த அவர் கண்ணாடிபோலத் தெளிந்த உடலையுடைய நட்சத்திர மீன் குடம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உள்ளே அலைந்து திரியும் கலங்கள் உடலைக் காப்பவையாக இருந்தால், உடலுக்குள் புகுந்த முள்ளைச் சூழ்ந்துகொள்ள வேண்டுமே என்ற எண்ணம் தோன்றிற்று. தோட்டத்து ரோசா முட்களைப் பறித்துவந்து குடம்பிகளின் தோலுக்குள் செருகினார். இரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் பார்த்தபோது முட்களைச் சுற்றி அலைகலங்கள் குழுமியிருந்தன. வியன்னாவில் இதைக் கேட்ட விலங்கியலாளர் கார்ல் கிளவுஸ், 'தின்னும் கலம்' என்ற பொருள்படும் கிரேக்கப் பெயரை எடுத்துக் கொடுத்தார். நமது பாடநூல்கள் தின்குழியம் என்பது இதைத்தான். இங்கு நான் தின்கலம் என்றே சொல்லி வருகிறேன்.

மெச்னிக்கோவை இந்த ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது அறிவு வேட்கை ஒன்று மட்டுமென்று நான் கருதவில்லை. முதல் மனைவி லுட்மில்லா 1873இல் மதெய்ராத் தீவிற் காசநோயினால் இறந்தார். துயரம் தாளாது மெச்னிக்கோவ் மோர்பின் அருந்தி உயிரை மாய்க்க முயன்றார். அளவு மிகுந்ததால் வாந்தியெடுத்துப் பிழைத்தார். இரண்டாம் மனைவி ஒல்காவை நெருப்புக்காய்ச்சல் பீடித்தது. அவர் தேறினார். ஆனால் 1881இல் மெச்னிக்கோவ் மீண்டும் மனமுடைந்து, நோயாளி ஒருவரின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக் கடுங்காய்ச்சலை வரவழைத்துக்கொண்டார். அவ்வாண்டே தமையனையும் சீழ் நஞ்சு கொண்டுபோயிற்று. நோய்க்கு எதிராக உடலுக்குள் ஒரு காவல் உண்டென்று அவர் கண்டது இவ்வளவு இழப்புகளுக்கும் அடுத்தபடியாகத்தான்.

அவரது கொள்கையை அறிஞர் உலகம் எளிதில் ஏற்கவில்லை. வெண்கலங்கள் கிருமிகளை விழுங்கினாலும் அவற்றைக் கொல்லுவதில்லை, உடலெங்கும் சுமந்து சென்று பரப்புகின்றன என்பதே பலருடைய எண்ணமாக இருந்தது. 1890இல் எமில் பேரிங்கும் யப்பானியரான கிற்றசாற்றோவும் குருதித் தெளியத்தில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டெனக் காட்டினர். அதன்பின் நிர்ப்பீடனம் என்பது கலத்தின் வேலையா, குருதி நீரின் வேலையா என்று இரு கட்சிகள் எழுந்தன. 1888 முதல் பரிஸ் பஸ்தேர் நிறுவகத்தில் இருந்தவாறு மெச்னிக்கோவ் தம் கட்சிக்காக இருபதாண்டுகள் வாதாடினார். 1908இல் நொபெல் பரிசு அவருக்கும் எதிர்க்கட்சியின் பெரும் அறிஞர் போல் ஏர்லிக்குக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. இரு பக்கமும் உண்மை உண்டென்பது அந்தப் பரிசின் தீர்ப்பு.

இந்த வாதம் நாடக மேடைக்கும் வந்தது. இலண்டன் சென் மேரிஸ் மருத்துவமனையைச் சேர்ந்த அல்ம்ரொத் றைற், கிருமியைத் தின்கலத்துக்கு ஏற்ற உணவாகப் பதப்படுத்தும் பொருள் குருதியில் உண்டெனக் கண்டு, இரு கட்சிகளையும் இணைக்கப் பார்த்தார். அவருடைய நண்பரான பெர்னாட் ஷா அதைக் கேட்டறிந்து 1906இல் 'மருத்துவரின் இக்கட்டு' என்ற நாடகத்தை மேடையேற்றினார். எந்த நோய்க்கும் தின்கலத்தைத் தூண்டிவிட்டால் போதும் என்று முழங்கும் மருத்துவர் ஒருவர் அதில் வருகிறார். சபை சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு நியாயமான ஐயம் இருந்தது. காவலனைத் தூண்டிவிடுவது எப்போதும் நன்மை தருமா? தூண்டப்பட்ட காவலனால் வீடே எரிந்துபோனால் என்ன செய்வது?

மெச்னிக்கோவ் 1916இல் மறைந்தார். அவருடைய அஸ்தி பஸ்தேர் நிறுவகத்தின் நூலகத்திலே வைக்கப்பட்டது. தின்கலம் எவ்வாறு உண்கிறது என்பதை அவரைப்போல் பார்த்தவர் எவருமிலர். ஆனால் அது எவ்வாறு சாகிறது என்ற ஆய்வு அவர் காலத்தில் வளரவில்லை. போர்க்களத்தில் மாண்ட வீரர்களை எண்ணிக் கணக்கிடலாம். அவர்கள் இறந்த விதத்தை ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்பதே அக்காலத்துப் பொதுவான மனப்பாங்கு.

கலங்களின் சாவைப் பற்றிய ஆராய்ச்சி இதற்கு வெளியே வேறொரு திசையிலே தனித்து நடந்துகொண்டிருந்தது. 1842இலேயே கார்ல் வோக்ற் என்பவர் தேரையின் வளர்ச்சியை ஆராய்கையில் சில கலங்கள் இயல்பாகவே இறந்து மறைவதைக் கண்டார். 1885இல் வால்தர் பிளெமிங் அத்தகைய சாவைப் படமாக வரைந்தும் வைத்தார். இவை இரண்டும் நூல்களில் உறங்கின. 1960களில் ஜோன் கெர் என்ற அவுஸ்திரேலிய நோயியலாளர் எலியின் ஈரலை ஆராயும்போது, சில கலங்கள் வீங்கி வெடிக்காமல், சுருங்கிச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, அயலிலுள்ள கலங்களால் உண்ணப்படுவதைக் கவனித்தார். அவ்விடத்தில் அழற்சியும் இல்லை, சீழும் இல்லை. பின்னர் அவர் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வந்து அன்ட்றூ வைலி, அலஸ்டெயர் கரி ஆகியோருடன் சேர்ந்து 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இத்தகைய சாவுக்கு என்ன பெயரிடலாம் என்று அவர்கள் அதே பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியரான ஜேம்ஸ் கோர்மக்கிடம் கேட்டார்கள். அவர் 'அப்பொப்டோசிஸ்' என்ற சொல்லைத் தந்தார். மரத்திலிருந்து இலையும் மலரிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

விஞ்ஞானிகள் ஒரு பெயருக்காக மொழிப் பேராசிரியரின் கதவைத் தட்டினார்கள் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் பெயரின் அழகுக்கு அப்பால் அதன் பொருளையும் நாம் கருத வேண்டும். பழுத்த இலை உதிரும்போது மரத்துக்குக் காயமில்லை. இந்தச் சாவிலும் அப்படித்தான். கலம் உடைவதில்லை. உள்ளே இருப்பது சிந்துவதும் இல்லை. தான் இறக்கப்போவதை அறிவிக்கும் ஓர் அடையாளத்தைத் தன் மென்சவ்வின் வெளிப்புறத்துக்கு அது புரட்டி வைக்கிறது. அதைக் கண்டு தின்கலம் வந்து பொட்டலங்களை விழுங்குகிறது. அவ்வாறு விழுங்கிய தின்கலம் அயலை அமைதிப்படுத்தும் பொருள்களைச் சுரக்கிறது. ஓசையற்ற சாவு, அமைதியைப் பரப்பிச் செல்கிறது.

இந்த அமைதி கிருமி புகுந்த கலத்துக்கும் பொருந்துமா? இதற்கு விடை காண நாம் யப்பானுக்குச் சென்று அங்கிருந்து மீண்டும் பரிசுக்கு வரவேண்டும்.

1897இல் யப்பானிற் கொடிய வயிற்றுளைவு பரவியது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோரை அது பீடித்தது. அவர்களில் ஐந்திலொரு பங்குக்கும் மேலானோர் மாண்டனர். நான் முன்னர் குறிப்பிட்ட கிற்றசாற்றோவின் ஆய்வுகூடத்தில் இருந்த இளைஞர் கியோஷி ஷிகா அந்நோயின் பற்றீரியாவைக் கண்டுபிடித்தார். அவருடைய பெயராலேயே அக்கிருமி இனம் ஷிகெல்லா எனப்படுகிறது. குடலின் உட்சுவரைத் தின்று இரத்தமும் சளியுமாகக் கழியச் செய்வது அது. மிகச் சில கிருமிகள் உள்ளே சென்றாலே நோய் உண்டாகும். இவ்வளவு சிறு படை இவ்வளவு பெரிய அழிவை எப்படி விளைவிக்கிறது என்பது நெடுநாளாகப் புதிராக இருந்தது.

1992இல் பரிஸ் பஸ்தேர் நிறுவகத்தில் ஆர்த்துரோ சிச்லின்ஸ்கி, பிலிப் சன்சொனெற்றி முதலியோர் ஷிகெல்லாவைத் தின்கலங்களோடு விட்டுப் பார்த்தனர். தின்கலம் கிருமியை விழுங்கியது. பின்னர் அதற்குள்ளிருந்த கிருமி தின்கலத்தையே சாகச் செய்தது. அது தற்செயலான அழிவன்று. கலத்துக்குள்ளேயே இருக்கும் சாவுப் பொறியைக் கிருமி முடுக்கிவிட்டது. மெச்னிக்கோவ் வாழ்ந்து உழைத்து, தம் சாம்பலையும் விட்டுச் சென்ற அதே நிறுவகத்தில், அவர் மறைந்து 76 ஆண்டுகளின் பின், உண்டவன் உணவினால் கொல்லப்படும் காட்சி தெரிந்தது. நோய்க்கிருமி கலத்தின் சாவைத் தன் தேவைக்கேற்ப நடத்துகிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேர்விட்டது.

அந்தச் சாவுக்கு அவர்கள் அப்பொப்டோசிஸ் என்றே பெயரிட்டார்கள். பொறியால் நிகழும் சாவுக்கு அன்று கைவசம் இருந்த பெயர் அதுவே. ஆனால் ஒரு முரண் இருந்தது. இலையுதிர்வு அமைதியானது. ஷிகெல்லாவின் வயிற்றுளைவோ அழற்சியால் கொதிப்பது. 1996இல் சிச்லின்ஸ்கியின் குழுவினர், ஷிகெல்லாவின் புரதம் ஒன்று கலத்தினுள் ஒரு குறிப்பிட்ட நொதியத்தைப் பற்றிக்கொள்வதாகக் காட்டினர். இன்று கஸ்பேஸ்-1 எனப்படும் அந்த நொதியத்தின் வேலை, காய்ச்சலையும் அழற்சியையும் எழுப்பும் இன்டலூக்கின் என்ற தூதுப் பொருளை முதிரச் செய்வது. இறக்கும் கலம் இறக்கும்போதே கூவுகிறது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிராட் குக்சனும் மொலி பிரெனனும் நெருப்புக்காய்ச்சற் கிருமியின் உறவான சல்மொனெல்லாவை ஆராய்ந்து இதே முரணைக் கண்டனர். 2001இல் அவர்கள் இந்தச் சாவுக்குத் தனிப்பெயர் சூட்டினர். முதற் சொல்லின் பின்பாதியாகிய 'உதிர்வு' என்பதை வைத்துக்கொண்டு முன்னே 'தீ' என்ற கிரேக்கச் சொல்லைச் சேர்த்துப் 'பைரொப்டோசிஸ்' என்றார்கள். தீயுதிர்வு என்று நாம் தமிழில் சொல்லலாம். நம் பாட்டிமார் அந்தக் கிருமிக் குடும்பத்தின் காய்ச்சலை நெருப்புக்காய்ச்சல் என்று அழைத்து வந்ததையும், அதே குடும்பத்துக் கிருமி உண்டாக்கும் சாவுக்கு விஞ்ஞானிகள் நெருப்பின் பெயரை வைத்ததையும் ஒன்றாக வைத்துப் பார்க்கையில், இரு சொற்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே அனுபவத்தைத் தொட்டிருக்கின்றன என்று படுகிறது.

தீயுதிர்வின் இயக்கமுறை 2015இல் வெளிப்பட்டது. பீஜிங்கிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் தனித்தனியே காஸ்டர்மின்-டி என்ற புரதத்தைக் கண்டறிந்தன. கலத்துக்குள் கிருமியின் பாகம் புகுந்துவிட்டதை உள்ளேயிருக்கும் உணரிப் புரதங்கள் அறிகின்றன. அவை கூடி நொதியத்தை எழுப்புகின்றன. எழுந்த நொதியம் காஸ்டர்மினை இரு துண்டாக வெட்டுகிறது. அதுவரை பின்துண்டினால் கட்டுப்பட்டிருந்த முன்துண்டு விடுபட்டு, கலத்தின் சொந்த மென்சவ்விலேயே உள்ளிருந்து துளையிடுகிறது. துளைகளின் வழியே இன்டலூக்கின் வெளியேறுகிறது. நீர் உட்புகுந்து கலம் வீங்குகிறது, இறுதியில் உடைகிறது. உடைந்த கலத்தின் எச்சத்துள் கிருமி சிக்கிக்கொள்ள, தூது கேட்டு வந்த வேறு தின்கலங்கள் அதை எச்சத்தோடு விழுங்குகின்றன. மனிதன் காய்ச்சலில் நடுங்குகிறான். ஆக, மட்கலம் உடையும் ஓசை கேட்டு அயலார் ஓடிவருவது போன்ற ஏற்பாடு இது. கஸ்பேஸ்-1 இல்லாத எலிகள் சல்மொனெல்லாவுக்கு எளிதில் இரையானதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓசை இல்லையேல் உதவியும் இல்லை.

இவ்வளவு நன்மை தரும் ஏற்பாட்டை ஷிகெல்லா ஏன் தானே தூண்டிவிடுகிறது என்று நேயர்கள் கேட்கலாம். அதன் தந்திரம் இரு முகம் கொண்டது. குடற்சுவரின் அடியில் நிற்கும் தின்கலம் அதற்குப் பகை. ஆகவே அதைக் கொன்று வெளியேறுகிறது. ஆனால் குடற்சுவரின் கலங்கள் அது குடியிருந்து பெருகும் வீடு. அந்த வீடு உடைந்தால் அதற்குத்தான் நட்டம். எனவே அங்கே சாவைத் தடுக்கிறது. ஷிகெல்லா தன் புரதம் ஒன்றினால் சாவு நொதியத்தை இரசாயன முறையில் மாற்றி முடக்கிவிடுகிறது என்பதைப் பீஜிங் ஆய்வாளர்கள் 2021இல் விளக்கினர். ஒரே கிருமி, ஒரே உடல், சில மில்லிமீற்றருக்குள் இரு வேறு நீதி. காவலனுக்குச் சாவு, வீட்டுக்கு ஆயுள்.

காசநோய்க் கிருமியின் வழி இன்னும் பொறுமையானது. நுரையீரலின் தின்கலங்களுக்குள் அது குடியேறுகிறது. அந்தத் தின்கலம் அமைதியாக உதிர்ந்தால் உள்ளிருக்கும் கிருமி பொட்டலத்தோடு வேறு தின்கலத்தின் வாய்க்குள் போய்ச் சேரும். உடலின் நிர்ப்பீடனமும் பகையை அடையாளம் கற்றுக்கொள்ளும். ஆகவே வீரியமுள்ள காசநோய்க் கிருமி அந்த இலையுதிர்வைத் தள்ளிப்போடுகிறது என்பதை 2000ஆம் ஆண்டளவில் நடந்த ஆய்வுகள் காட்டின. பெருகி முடிந்தபின் கலத்தை அழுகிச் சிதையச் செய்து வெளியேறுகிறது. நுரையீரலிற் பாற்கட்டிபோல உருவாகும் சிதைவு அவ்வாறு இறந்த கலங்களின் குவியலே. செக்கோவை 1904இலும், நமது புதுமைப்பித்தனை 1948இலும் கொண்டுபோன நோய் இது. எழுதவேண்டியவை இன்னும் எத்தனையோ இருக்க அவர்கள் 44 வயதிலும் 42 வயதிலும் மறைந்தார்கள். அவர்களுடைய நெஞ்சுக்குள் நடந்தது, கலங்கள் எப்போது எவ்விதம் சாகவேண்டும் என்பதை உடலுக்குப் பதிலாகக் கிருமி தீர்மானித்த ஒரு நீண்ட வழக்கு.

இனி, ஷாவின் நாடகம் எழுப்பிய ஐயத்துக்கு வருவோம். ஓசை கேட்டு அயலார் ஓடிவருவது நல்லது. ஊரெங்கும் கலங்கள் ஒரே வேளையில் உடைந்தால்? கிருமி குருதியிற் பரவும்போது நிகழ்வது அதுதான். எங்கும் துளையிடப்பட்ட கலங்கள், எங்கும் தூதுப் பொருள்கள். குருதி அழுத்தம் விழுகிறது; சிறுநீரகமும் நுரையீரலும் ஓய்கின்றன. மருத்துவர்கள் இதைச் செப்சிஸ் என்பர். தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்ப்பே ஒழுங்கு தவறி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலை என்று 2016இல் அதற்கு வரைவிலக்கணம் கூறப்பட்டது. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேரை அது பீடித்ததென்றும், 1 கோடியே 10 இலட்சம் பேரின் இறப்போடு தொடர்புற்றிருந்ததென்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. துலா நகரத்து இவான் இலியிச்சைக் கொன்ற சீழ் நஞ்சும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

அப்படியானால் ஓசையை அடக்கிவிடலாமே என்று தோன்றும். கிருமியின் புறச்சுவர் நஞ்சை உயிர்போக்கும் அளவில் ஏற்றியபோதும் காஸ்டர்மின்-டி இல்லாத எலிகள் பிழைத்தன என்பதை 2015ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆனால் அது நஞ்சு மட்டுமே. உயிருள்ள கிருமி அன்று. 1990களில் செப்சிஸ் நோயாளருக்கு இன்டலூக்கினை மறிக்கும் மருந்தைக் கொடுத்துப் பெரிய பரிசோதனைகள் நடத்தினார்கள். இறப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. அதே மருந்து பின்னர் மூட்டழற்சிக்குப் பயன்பட்டது. செப்சிஸ் நோயாளி ஒருவருடைய உடலிலேயே ஒரு வேளை ஓசை மிகையாகவும், இன்னொரு வேளை காவல் ஓய்ந்து மௌனமாகவும் இருக்கிறது. எந்த வேளையில் எதை அடக்குவது என்பதே பிரச்சினை.

மெச்னிக்கோவ் 1909இல் யஸ்னயா பொல்யானாவுக்குச் சென்று தோல்ஸ்தோயைச் சந்தித்தார். விஞ்ஞானம் மனிதனின் இன்றியமையாத கேள்விகளுக்கு விடை சொல்வதில்லை என்பது தோல்ஸ்தோயின் கட்சி. விஞ்ஞானம் வளர்ந்தால் மனிதன் சாவை அச்சமின்றி ஏற்கும் நாள் வரும் என்பது மெச்னிக்கோவின் கட்சி. இருவரும் ஒருவரையொருவர் மதித்தார்கள், ஒருவரையொருவர் மாற்றவில்லை. எனக்கு இருவருடைய பக்கமும் நிற்கத் தோன்றுகிறது. எப்படி வாழ்ந்து எப்படிச் சாவது என்பதை ஆய்வுகூடம் கற்றுத் தராது. ஆனால் நன்றாகச் செத்தல் என்பதற்குக் கலங்களின் உலகத்திலும் ஒரு பொருள் உண்டென்பதை அது காட்டியிருக்கிறது. அமைதியாகப் போகவேண்டிய கலம் அமைதியாகப் போவதும், அபாயத்தை அறிவிக்கவேண்டிய கலம் உடைந்து அறிவிப்பதும், இரண்டும் தத்தம் அளவோடு நிற்பதுமே நலம் என்று நாம் சொல்வதன் உள்ளடக்கம்.

இவான் இலியிச்சின் மருத்துவர்களுக்கு அவருடைய நோயின் பெயரே தெரியாதிருந்தது. இன்றைய மருத்துவருக்குக் கிருமியின் பெயர் தெரியும், நொதியத்தின் பெயர் தெரியும், துளையிடும் புரதத்தின் பெயரும் தெரியும். தீவிர சிகிச்சைக் கட்டிலருகே நின்று, இந்தக் காய்ச்சல் காவலனின் குரலா, வீட்டைப் பற்றிய தீயா என்று பிரித்துச் சொல்லும் திறமையையே அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தத் திறமை கிட்டும் நாளில் இலட்சக்கணக்கான கட்டில்களிலிருந்து மனிதர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.